‘சாதனம்’ பேசிற்று!

கற்பு, பெண்ணுக்கு அணிகலன் என்கின்றனர். மேடையில் சொல்கின்றனர், மணவிழாவில் வாழ்த்துரையாகச் சொல்கின்றனர், மகளுக்குத் தாயும் அதையே அறிவுரையாகச் சொல்கிறாள். அணிகலன் என்றால் அணிவதும் கழற்றுவதும் அணிபவரின் விருப்பம். ஆடவன் அணியத் தேவையில்லாத, பெண் கழற்ற முடியாத ஒன்றை அணிகலன் என்று அழைப்பது பொருந்துமா? பூட்டும் திறவுகோலும் வேறொருவர் கையில் இருக்குமானால், பொன்னாற் செய்ததே ஆயினும், விலங்கு என்பதுதான் அதற்குரிய பெயர்.

இதனை நாம் சொன்னால், “பண்பாட்டைப் பழிக்கின்றனர்” என்று பதறுவோர் உளர். ஆகவே வாதத்தைச் சற்று ஒதுக்கி வைத்து, வரலாற்றைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவோம். நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால், சேரநாடு என்று நம் புலவர் பாடிய மண்ணில், கொச்சி அரசில், 1905-ஆம் ஆண்டில் நடந்த ஒரு வழக்கு போதும். அங்கே பெண்ணின் கற்பை ஆராய்வதற்கென்றே ஒரு வழக்கு மன்றம் இருந்தது. அதற்கு விதிகள் இருந்தன. விசாரிக்கும் வல்லுநர் இருந்தார். அரசனின் ஆணை பின்னே நின்றது. ஸ்மார்த்தவிசாரம் என்பது அதன் பெயர். கற்பு யாருக்காகக் காக்கப்பட்டது, எதற்காகக் காக்கப்பட்டது என்னும் வினாவுக்கு அம்மன்றத்தின் வரலாறு தரும் விடையைக் காட்டிலும் தெளிவான விடை கிடைப்பது அரிது.

நிலமும் மணமும்

கேரளத்து நம்பூதிரிகள் வேதம் ஓதியவர்கள் மட்டுமல்லர், பெருநிலக்கிழார்கள். கோயில்கள் அவர்தம் ஆட்சியில் இருந்தன. கோயிலைச் சார்ந்த வயல்களும் அவ்வாறே. அவர்தம் குடும்ப வீட்டுக்கு ‘இல்லம்’ என்று பெயர். இல்லத்தின் நிலம் தலைமுறை தலைமுறையாகப் பிரியாமல் இருக்க வேண்டும் என்பது அவர்களது முதல் விதி. அவ்விதியைக் காக்க ஒரு மணமுறை வகுக்கப்பட்டது. குடும்பத்தின் மூத்த மகன் மட்டுமே தன் குலத்தில் பெண் எடுப்பான். அவன் பிள்ளைகளே இல்லத்தின் வழித்தோன்றல்கள். இளைய மக்கள் குலத்துக்குள் மணம் செய்யலாகாது. அவர்கள் நாயர் முதலான மருமக்கள்தாயக் குடும்பத்துப் பெண்களோடு ‘சம்பந்தம்’ எனும் உறவு வைத்துக்கொள்வர்.

இங்கே ஓர் எளிய கணக்கு எழுகிறது. நான்கு ஆண்மக்கள் உள்ள வீட்டில் ஒருவனே மணமகன். நான்கு பெண்மக்கள் உள்ள வீட்டில் நால்வரும் மணமகனை எதிர்பார்த்து நிற்பர். மூவர்க்கு மாப்பிள்ளை எங்கிருந்து வருவான்? வரமாட்டான். ஆகவே மூத்தவன் ஒருத்தியோடு நிற்காமல் இரண்டாவதாக ஒருத்தியை, மூன்றாவதாக ஒருத்தியை மணந்தான். பேத்தியின் வயதுடைய பெண்ணைக் கிழவனுக்குக் கொடுத்தனர். அதற்கும் வழியின்றிக் கன்னியாகவே முதிர்ந்து, கன்னியாகவே மடிந்த பெண்கள் ஏராளம். கிழவன் மாண்டால் இளம்பெண் கைம்பெண். அவளுக்கு மறுமணம் இல்லை. நிலத்தை நான்காகப் பிரிக்காமல் இருப்பதற்காக, நான்கு பெண்களின் வாழ்வைப் பாழாக்கினர்!

இரு வாசல், இரு நீதி

தோழர்களே, இனிமேல்தான் நாம் கூர்ந்து நோக்க வேண்டிய செய்தி வருகிறது. இளைய நம்பூதிரி நாயர் வீட்டுக்குச் செல்கிறான். அவ்வீட்டுக்குத் தரவாடு என்று பெயர். அங்கே பிறக்கும் குழந்தை தாயின் தரவாட்டுக்கு உரியது. தாய்மாமனின் பாதுகாப்பில் வளர்வது. தந்தையின் இல்லத்தில் அதற்கு ஒரு பிடி மண்ணும் உரிமையில்லை. குழந்தையை வளர்க்கும் கடமையும் தந்தைக்கு இல்லை. அந்த உறவு ஒரு நாள் தொடங்கும். ஒரு நாள் முடியும். முடிந்தபின் அப்பெண் வேறோர் ஆடவனோடு சம்பந்தம் கொள்வாள். அதைக் குற்றம் என்று எந்த ஸ்மார்த்தனும் விசாரிக்க வரவில்லை. எந்த அரசனும் ஆணை பிறப்பிக்கவில்லை.

அதே நம்பூதிரி தன் இல்லத்துக்குத் திரும்புகிறான். அங்கே அண்ணன் மனைவி ஓர் அயல் ஆடவனைக் கண்ணெடுத்துப் பார்த்தாள் என்ற ஐயம் எழுந்தாலே போதும். ஊரே கூடுகிறது, மன்றம் அமைகிறது. ஒரே ஆடவன், இரண்டு வாசல்கள், இரண்டு நீதிகள்! ஒரு வாசலில் கற்பு பற்றிய பேச்சே இல்லை. மறு வாசலில் கற்பு உயிரினும் பெரிது. ஏன்?

அறம் என்றால் அது வாசலுக்கு வாசல் மாறுமா? மாறியது எது என்று பாருங்கள். தரவாட்டில் பெண்ணின் வயிற்றில் பிறப்பவன் நம்பூதிரியின் நிலத்துக்கு உரிமை கொண்டாட முடியாது. இல்லத்தில் பெண்ணின் வயிற்றில் பிறப்பவன் நாளை நிலத்துக்கு உரியவன், குலத்துக்குத் தலைவன். சொத்து எந்த வயிற்றின் வழியாகச் செல்கிறதோ, அந்த வயிற்றைச் சுற்றிக் கற்பு என்னும் வேலி போடப்பட்டது. சொத்து செல்லாத இடத்தில் வேலியும் இல்லை, காவலும் இல்லை. கற்பு பெண்ணின் உள்ளத்தில் முளைத்த ஒழுக்கம் என்போர் இந்த வேறுபாட்டுக்கு விடை சொல்லட்டும்.

மறக்குடைக்குள் ஒரு வாழ்வு

நம்பூதிரிப் பெண்ணுக்கு வழங்கிய பெயரே அவள் வாழ்வைச் சொல்லிவிடும். ‘அந்தர்ஜனம்’ என்பர். உள்ளே இருப்பவள் என்பது பொருள். அவள் வெளியே வந்தால் உடலைப் போர்வையால் மூட வேண்டும். முகத்தை மறைக்கப் பனையோலையாற் செய்த பெரிய மறக்குடையைப் பிடிக்க வேண்டும். முன்னே ஒரு நாயர்ப் பணிப்பெண் நடந்து, வழியில் ஆடவர் விலகும்படி குரல் கொடுக்க வேண்டும். கணவனும் நெருங்கிய உறவினரும் தவிர வேறு ஆடவர் அவள் முகத்தைக் காணலாகாது.

மழைக்கும் வெயிலுக்கும் பிடிப்பது குடை. அந்தர்ஜனத்தின் குடையோ மனிதரின் கண்ணுக்கு எதிராகப் பிடிக்கப்பட்டது. அவள் அந்தக் குடைக்குள் உலகத்தைக் காணாமல் நடந்தாள். உலகமும் அவளைக் காணாமல் இருந்தது. இதற்குப் பெயர் பெருமை என்றனர்! குடையைப் பிடித்த கைக்கு வலி இருக்கும் என்று எவரும் எண்ணவில்லை.

பெயரை இழந்தவள்

இனி அந்த மன்றத்தின் நடைமுறையைக் காண்போம். ஓர் அந்தர்ஜனத்தின் மீது ஐயம் எழுந்தால், முதலில் அவளுடைய பணிப்பெண்ணை விசாரிப்பர். அதற்குத் தாசி விசாரம் என்று பெயர். ஐயம் வலுத்தால் அவளை வீட்டிலிருந்து பிரித்து, ‘அஞ்சாம்புரை’ எனப்படும் தனியிடத்தில் அடைப்பர். அந்த நொடி முதல் அவளுக்குப் பெயர் கிடையாது. அவளைச் ‘சாதனம்’ என்றே குறிப்பிடுவர். சாதனம் என்றால் பொருள், கருவி, பண்டம்! இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றிருந்தவள், குற்றம் மெய்ப்பிக்கப்படும் முன்னரே பண்டம் ஆகிவிடுகிறாள். ‘அவள்’ என்ற சொல்லுக்குக்கூட அவள் தகுதி இழக்கிறாள், ‘அது’ ஆகிவிடுகிறாள்.

பின்னர் அரசனிடம் முறையிடுவர். அரசன் ஆணை பிறப்பிப்பான். சாத்திரம் அறிந்த ஸ்மார்த்தன் விசாரணைக்குத் தலைமை ஏற்பார். அவருக்குத் துணையாக மீமாம்சகர்கள் அமர்வர். அரசனின் சார்பில் அகக்கோய்மை என்பவர் இருப்பார். விசாரணை நெறி பிறழ்ந்தால் அவர் தம் மேலாடையைத் தரையில் இடுவார். உடனே ஸ்மார்த்தன் தன் வினாவை நிறுத்த வேண்டும். சொல்லளவில் எவ்வளவு செம்மையான ஒழுங்குமுறை! ஆனால் அந்த ஒழுங்குக்குள் ஒரு பெண் இல்லை. கேட்பவர் ஆடவர், எடைபோடுபவர் ஆடவர், தீர்ப்பளிப்பவர் ஆடவர். பெண் கதவுக்குப் பின்னால்.

விசாரணை நாட்கணக்கில் நடக்கலாம், மாதக்கணக்கில் நடக்கலாம். வந்திருப்போர் அனைவர்க்கும் உணவளிக்கும் செலவு குடும்பத்தின் தலையில். பெண் தன் வாயால் குற்றத்தை ஒப்புக்கொண்டால்தான் வழக்கு முடியும். ஒப்புக்கொள்ளச் செய்வதற்குக் கையாண்ட வழிகளைப் பழைய நூல்கள் கூறும்போது நம் உள்ளம் நடுங்குகிறது. பாயில் சுருட்டிக் கூரையிலிருந்து உருட்டிவிட்டதாகவும், அடைத்து வைத்த அறைக்குள் பாம்பையும் எலியையும் விட்டதாகவும் அவை குறிக்கின்றன. குற்றமற்றவள் என்று தெளிந்தால் ஸ்மார்த்தன் அவள்முன் வணங்கி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் விதி இருந்தது. விதி இருந்தது, ஆனால் மாதக்கணக்கில் பண்டமாகக் கிடந்தவளுக்கு ஒரு வணக்கம் எதை மீட்டுத் தரும்?

குற்றம் உறுதியானால், அவளது மறக்குடை பறிக்கப்படும். கைகொட்டி வெளியேற்றப்படுவாள். அதன்பின் அவள் இறந்துவிட்டாள் என்று கருதி, உயிரோடு இருப்பவளுக்கே உறவினர் ஈமச்சடங்கு செய்வர். அவள் பெயரிட்டுச் சொன்ன ஆடவரும் குலத்திலிருந்து விலக்கப்படுவர். இந்தக் கடைசி விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதில்தான் அம்மன்றத்தின் அழிவு ஒளிந்திருந்தது.

1905: கதவுக்குப் பின்னிருந்து ஒரு குரல்

தாத்ரி என்பது அவர் பெயர். சாவித்திரி என்பதன் மரூஉ. கல்பகசேரி இல்லத்தில் பிறந்து, குறியேடத்து இல்லத்துக்கு மணமகளாகச் சென்றவர். இருபதுகளில் இருந்த இளம்பெண். அவர்மீது ஐயம் எழுந்தது. வழக்கம்போல் அவர் சாதனம் ஆனார். வழக்கம்போல் மன்றம் கூடியது. ஜாதவேதன் நம்பூதிரி ஸ்மார்த்தனாக இருந்து விசாரித்தார். எவ்வளவோ அந்தர்ஜனங்கள் அதுபோல் விசாரிக்கப்பட்டு, அழுது, ஒப்புக்கொண்டு, கைகொட்டல் ஒலிக்கிடையே இருளில் மறைந்திருந்தனர். தாத்ரியும் மறைந்துவிடுவார் என்றே அனைவரும் எண்ணியிருப்பர்.

ஆனால் அவர் பேசினார். தம் குற்றத்தை மறுக்கவில்லை. தம்மோடு சேர்ந்தவர்கள் யார் என்ற வினாவுக்கு, மன்றத்தின் விதிப்படியே விடை சொன்னார். ஒரு பெயர், இரண்டு பெயர் என்று தொடங்கிய பட்டியல் வளர்ந்துகொண்டே சென்றது. நாள் சொன்னார், இடம் சொன்னார், அறிந்த சாட்சிகளைச் சொன்னார், ஆடைக்குள் மறைந்திருக்கும் உடல் அடையாளங்களையும் சொன்னார் என்று இவ்வழக்கைப் பற்றிய நூல்கள் கூறுகின்றன.

பெயர்கள் பெருகப் பெருக, பெரிய மனிதர்களிடையே அச்சம் பரவியது. அதுவரை இருந்த மரபின்படி, பெண் பெயர் சொன்னால் ஆடவனுக்குக் குலவிலக்கு, எதிர்வாதம் கிடையாது. எத்தனையோ தலைமுறைகளாக எவரும் அந்த விதியை அநீதி என்று எண்ணவில்லை. இப்போது எண்ணினர்! “குற்றம் சாட்டப்பட்டவனின் சொல்லையும் கேட்க வேண்டாமா?” என்ற இயற்கை நீதி அவர்களுக்குத் திடீரென்று நினைவுக்கு வந்தது. கொச்சி மன்னர் இராமவர்மா, அதற்கு முன் இல்லாத முறையாக, ஆடவர்க்கும் விசாரணை நடத்த ஆணையிட்டார். ‘புருஷவிசாரம்’ என்று அதற்குப் பெயர் வந்தது. ஆடவர் தாத்ரியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். தம் தரப்புச் சான்றுகளைக் காட்டலாம்.

காட்டினர். ஆயினும் அவர் வாக்குமூலத்தை உடைக்க முடியவில்லை. 1905 சூலைத் திங்களில் விசாரணை முடிந்தது. அவர் குறித்த ஆடவர் 64 பேர் என்பது பரவலாகக் கூறப்படும் கணக்கு. அவர்களுள் நம்பூதிரிகள் 30 பேர். தமிழ்நாட்டிலிருந்து சென்று அங்கே குடியேறிய பட்டர்கள் 10 பேர். கோயிற்பணி செய்யும் அம்பலவாசிகள் 13 பேர். நாயர்கள் 11 பேர். வேதம் அறிந்தோர் இருந்தனர், இசைவாணர் இருந்தனர், புகழ்பெற்ற கதகளிக் கலைஞர் காவுங்கல் சங்கரப் பணிக்கரும் இருந்தார். குலப்பெருமையும் கலைப்பெருமையும் ஒருசேரச் சரிந்தன.

அறுபத்து ஐந்தாவது பெயரைச் சொல்லத் தாத்ரி வாய் திறந்தபோது, அது அரசகுலத்தையே தொடும் என்றஞ்சி விசாரணையை நிறுத்திவிட்டனர் என்று ஒரு கதை இன்றும் அந்நாட்டில் உலவுகிறது. கதை கதைதான், அதை வரலாறு என்று நாம் கொள்ளவில்லை. ஆனால் மக்கள் ஏன் அப்படி ஒரு கதையைப் புனைந்தனர் என்பது எண்ணத்தக்கது. அந்தப் பட்டியல் இயல்பாக முடிந்திருக்கும் என்று அவர்களால் நம்ப முடியவில்லை. மேலே செல்லச் செல்ல இன்னும் பெயர்கள் இருக்கும் என்பதே மக்களின் தீர்ப்பு.

தெய்வமா, பேயா?

தாத்ரியைப் பற்றி அன்றும் பேசினர்; பின்னரும் எழுதினர். ஒரு சாரார் அவரைக் குலத்தைக் கெடுக்க வந்த பேய் என்றனர். மறு சாரார் அவரைப் பழிவாங்க வந்த தெய்வம் என்றனர். லலிதாம்பிகா அந்தர்ஜனம் இவ்வரலாற்றை வைத்து எழுதிய சிறுகதையின் பெயரே ‘பிரதிகார தேவதை’.

நமக்கு ஓர் ஐயம். பெண் என்றால் தெய்வமாக இருக்க வேண்டும், இன்றேல் பேயாக இருக்க வேண்டும் என்பது என்ன கட்டாயம்? ஆடவரை நாம் அவ்வாறு இரண்டாகப் பிரிக்கிறோமா? 64 ஆடவரை எவரும் 64 பேய்கள் என்று அழைக்கவில்லை. “வழி தவறியவர்கள்” என்றனர், “மயங்கியவர்கள்” என்றனர், “பாவம், குடும்பத்தை இழந்தனர்” என்று இரங்கினர். ஆடவன் தவறினால் மனிதன். பெண் தவறினால் மட்டும் மனிதப் பிறவியே அல்லள்! கற்பு என்னும் கோட்பாட்டின் பெருங்கேடு இதுதான். அது பெண்ணைத் தண்டிப்பதற்கு முன்னால், அவளை மனிதர் வரிசையிலிருந்து நீக்குகிறது. போற்றும்போது தெய்வம் என்று நீக்குகிறது. தூற்றும்போது பண்டம் என்று நீக்குகிறது. இரண்டும் ஒரே செயல்.

“ஆடவரும் குலவிலக்குப் பெற்றனரே, பின் எங்கே ஓரவஞ்சனை?” என்று கேட்போர் இருப்பர். நேர்மையான கேள்வி, விடையும் நேராகவே தருவோம். ஆடவர் தண்டிக்கப்பட்டது மெய். ஆனால் அவர் தண்டிக்கப்பட்டது பெண்ணின் கற்பைக் குலைத்ததற்காக, அதாவது இன்னோர் ஆடவனின் உடைமையில் புகுந்ததற்காக. தன் மனைவிக்கு உண்மையாக இல்லாததற்காக எந்த நம்பூதிரியும் அம்மன்றத்தின் முன் நிறுத்தப்படவில்லை. கணவன் வேறு வீடு சென்றதைக் குறித்து மனைவி முறையிட அந்நாட்டில் ஒரு திண்ணையும் இருக்கவில்லை. மன்றம் எப்போது கூடும், யாரை முதலில் அடைக்கும், யாரைப் பண்டம் என்று அழைக்கும் என்பவற்றைப் பாருங்கள். ஓரவஞ்சனை தானே தெரியும்.

நமக்கும் ஒரு கண்ணாடி

இதைப் படித்துவிட்டு, “மலைக்கு அப்பால் நடந்த கொடுமை” என்று நாம் பெருமூச்சு விட்டு ஒதுங்குவது முறையன்று. தொல்காப்பியத்தில் கற்பு என்பது இல்வாழ்க்கையின் பெயர். காதலித்துக் களவில் கூடியோர், பின் ஊரறிய மணந்து வாழும் நிலையே கற்பு. அது இருவர் வாழ்வு என்று நாம் பெருமை கொள்ளலாம். ஆனால் அதே அகப்பொருள் மரபு, தலைவன் பரத்தையை நாடிப் பிரிவதற்கும் ஒரு துறை வகுத்து வைத்தது. தலைவிக்கு அது தந்த உரிமை ஊடல், அவ்வளவே. பின்வந்த காலத்தில் அந்தச் சொல் இருவரிடமிருந்து ஒருத்தியிடம் சுருங்கியது. பெரியார் தம் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ என்னும் நூலைக் கற்பு பற்றிய ஆராய்ச்சியோடு தொடங்கியது காரணமின்றி அன்று. ஒரு பாலார்க்கு மட்டும் விதிக்கப்படுவது ஒழுக்கமாகாது, அடிமைத்தனமே ஆகும் என்பது அவர் வாதம். குறியேடத்து வழக்கு அவ்வாதத்துக்கு வரலாறு எழுதிய உரை.

அடுக்களையிலிருந்து வெளியே

1905-க்குப் பின் அந்தச் சமூகம் பழையபடி உறங்க முடியவில்லை. 1908-இல் நம்பூதிரிகள் யோகக்ஷேம சபையை அமைத்தனர். அடுத்த தலைமுறை இளைஞர்கள் அதனுள் புகுந்து, இளைய மகனுக்கும் குலத்துக்குள் மண உரிமை வேண்டும், பெண்ணுக்குக் கல்வி வேண்டும், மறக்குடை ஒழிய வேண்டும் என்று முழங்கினர். 1929-இல் வி. டி. பட்டதிரிப்பாடு எழுதிய ‘அடுக்களையில் நின்னு அரங்ஙத்தேக்கு’ என்னும் நாடகம் மேடையேறியது. அடுக்களையிலிருந்து அரங்குக்கு என்பது பொருள். 1934-இல் எம். ஆர். பட்டதிரிப்பாடு, உமா என்னும் கைம்பெண்ணை மணந்தார். நம்பூதிரிக் குலத்தில் அது முதற் கைம்பெண் மணமாகப் போற்றப்படுகிறது. பார்வதி நென்மினிமங்கலம் போன்ற அந்தர்ஜனங்கள் தாமே முன்வந்து, போர்வையையும் மறக்குடையையும் துறக்குமாறு தம் உடன்பிறந்தாரை அழைத்தனர்.

மலபார் அந்நாளில் சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். ஆகவே இந்த மாற்றத்தில் சென்னைச் சட்டமன்றத்துக்கும் பங்குண்டு. 1933-ஆம் ஆண்டின் இரு சட்டங்கள் இங்கே குறிக்கத்தக்கவை. ஒன்று, நம்பூதிரிக் குடும்பத்தில் இளையோரும் குலத்துக்குள் மணக்க வழி செய்தது. மற்றொன்று, மருமக்கள்தாயக் குடும்பங்களின் சம்பந்த உறவைச் சட்டப்படியான மணமாக ஏற்றது. கூட்டுக் குடும்பச் சொத்துமுறையையே கேரளச் சட்டமன்றம் 1975-இல் ஒழித்தது. எந்தச் சொத்தைக் காக்க அந்த வேலி போடப்பட்டதோ, அந்தச் சொத்துமுறை குலையக் குலைய, வேலியும் சாய்ந்ததைக் காண்கிறோம். அறவுரைகளால் சாயாதது, நிலவுரிமை மாறியதும் சாய்ந்தது!

1948-இல் இன்னொரு நாடகம் வந்தது. ‘தொழில்கேந்திரத்திலேக்கு’ என்பது அதன் பெயர். தொழிற்கூடத்துக்கு என்பது பொருள். அதை எழுதியோரும் அந்தர்ஜனங்களே, நடித்தோரும் அவர்களே. 1929-இல் ஆடவர் ஒருவர் பெண்ணுக்காக எழுதினார். 1948-இல் பெண்கள் தமக்காகத் தாமே எழுதினர். அரங்குக்கு வா என்று அழைத்தவர்க்கு அவர்கள் தந்த மறுமொழி, நாங்கள் உழைத்து வாழப் போகிறோம் என்பதுதான். கதவுக்குப் பின்னால் இருந்து ஒரே ஒரு குரல் கேட்ட நாளுக்கும், மேடையில் பல குரல்கள் கேட்ட நாளுக்கும் இடையே 43 ஆண்டுகள்.

சட்டத்தில் நின்ற நிழல்

கதை இங்கே முடிந்திருந்தால் நாம் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டோம். ஸ்மார்த்தன் போய்விட்டார், அவருடைய வினாக்கள் போகவில்லை. 1860-இல் வெள்ளையர் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவு, பிறன் மனைவியோடு கூடும் ஆடவனுக்கு ஐந்தாண்டு வரை சிறை என்றது. ஆனால் கணவன் இசைந்தால் அது குற்றமில்லை என்றது! பொருளுக்கு உடையவன் இசைந்தால் திருட்டில்லை என்பது போன்ற நீதி அல்லவா இது? கணவன் பிறளோடு கூடினால் மனைவி வழக்குத் தொடுக்கவும் அச்சட்டத்தில் வழியில்லை. குறியேடத்து இல்லத்தின் அதே தர்க்கம், நாடு விடுதலை பெற்ற பின்னும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. 2018 செப்டம்பர் 27 அன்று, ஜோசப் ஷைன் வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் அப்பிரிவைச் செல்லாது என்றது. கணவன் மனைவிக்கு உடைமையாளன் அல்லன் என்பதைத் தெளிவாக்கியது.

1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் இன்னொரு வாய்ப்பைத் தந்திருந்தது. வன்முறைக்கு ஆளான பெண் ஒழுக்கம் கெட்டவள் என்று காட்டி, அவள் சாட்சியத்தைக் குற்றவாளி தகர்க்க முயலலாம். அவன் என்ன செய்தான் என்ற கேள்வியை நகர்த்திவிட்டு, அவள் எப்படிப்பட்டவள் என்ற கேள்வியை நடுவில் வைக்கும் சூழ்ச்சி அது. 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நீக்கியது. ஆயினும் பெண்ணின் உடலையே சோதித்து அவள் ‘பழகியவளா’ என்று எழுதும் இருவிரல் சோதனை தொடர்ந்தது. அது பெண்ணின் மாண்பைக் குலைப்பது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதன் பின்னும் நடந்ததால், அச்சோதனையைச் செய்பவர் முறைகேடு புரிந்தவராவார் என்று 2022-இல் மீண்டும் கூற வேண்டி வந்தது. அஞ்சாம்புரையின் கதவு எவ்வளவு மெல்லத் திறக்கிறது, பாருங்கள்!

இளைஞருக்கு

சட்டம் திருந்திவிட்டது, வீடு திருந்திவிட்டதா? ஆசிரியப் பணி புரியும் நாம் ஆண்டுதோறும் காணும் காட்சி ஒன்றுண்டு. நன்கு படிக்கும் மாணவி திடீரென்று பள்ளிக்கு வருவதில்லை. விசாரித்தால், “யாரோ ஏதோ சொன்னார்கள், ஊர் வாய் பொல்லாதது” என்கின்றனர். அவள் என்ன செய்தாள் என்று எவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள எவரும் விரும்பவும் இல்லை. ஐயம் ஒன்றே போதும், அவள் உள்ளே வைக்கப்படுகிறாள். அதே வகுப்பு மாணவனைப் பற்றியும் ஊர் பேசுகிறது. அவனுடைய புத்தகப் பையை எவரும் பறிப்பதில்லை. ஸ்மார்த்தனும் இல்லை, அரசாணையும் இல்லை; ஆனால் தாசி விசாரமும் அஞ்சாம்புரையும் நம் தெருவிலேயே நடக்கின்றன.

இதைத் தடுக்கப் பெரிய படை வேண்டியதில்லை. பகுத்தறிவு பேசும் இளைஞர், முதலில் தம் வீட்டுத் திண்ணையில் பேசட்டும். தங்கையின் கைப்பேசியை நோட்டமிடும் அண்ணன், தன் கைப்பேசியைத் தங்கையிடம் நீட்டுவானா என்று தன்னையே கேட்கட்டும். மணப்பெண்ணின் ஒழுக்கத்தை ஊரெல்லாம் விசாரிப்போர், மணமகனை எத்தனை பேரிடம் விசாரித்தனர் என்று எண்ணிப் பார்க்கட்டும். ஒழுக்கம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. உண்மையாய் இருத்தல் நல்லது. கொடுத்த சொல்லைக் காத்தல் நல்லது. அது நல்லது என்றால் இருவர்க்கும் நல்லது. ஒருவர் மட்டும் சுமக்க வேண்டியதாயின், அது அறமன்று, சுமை.

தாத்ரியின் பட்டியலில் 64 பெயர்கள் இருந்தன என்பதை மட்டும் நினைவில் கொண்டு, அதைச் சுவையான செய்தியாகப் பேசித் திரிவோர் பலர். நாம் நினைவில் கொள்ள வேண்டியது வேறு. அந்த மன்றம் அவரிடமிருந்து பெயரைப் பறித்துச் சாதனம் என்றது. பெயர் இழந்த அந்தப் பெண், மற்றவர்களின் பெயர்களைச் சொன்னார், மன்றம் நிலைகுலைந்தது. ஒரு பெண்ணைப் பற்றி “அவள் எப்படிப்பட்டவள்?” என்று நம் காதுபட எவரேனும் இனிக் கேட்டால், நாம் வாய் மூடி நிற்க வேண்டாம். “அவளுக்குப் பெயர் உண்டு, முதலில் அதைச் சொல்லுங்கள்” என்போம்.